சொன்னது, கண்டது, எழுதியது: ‘சைன்ஸ் அண்ட் சிம்ப்டம்ஸ்’ என்ற இரட்டைச் சொல் குறித்து

1

கொட்டாம்பட்டியில் எங்கள் வீட்டு உத்திரத்தில் ஒரு மஞ்சப்பை தொங்குகிறது. அதற்குள் இருப்பவை என் சித்தப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். ஓ.பி. சீட்டு ஏழு, எக்ஸ்ரே மூன்று, சளிப் பரிசோதனை முடிவு நான்கு. 2011இல் தொடங்கி 2018இல் அவர் இறந்தது வரைக்கும் சேர்ந்தவை. கவிதையையும் நாவலையும் பற்றி எழுதுகிற இடத்தில் ஓ.பி. சீட்டை ஒரு ‘பிரதி’யாக எடுத்துக்கொண்டு பேசலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஒரு மனிதனின் பேச்சு, இன்னொருவரால், இன்னொரு மொழியில், சுருக்கி எழுதப்பட்டு, அந்த எழுத்தின்படி அவனுடைய உயிர் நடத்தப்படுகிறது என்றால் அதைவிட அவசரமாக வாசிக்கப்படவேண்டிய பிரதி வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் சீட்டு எழுதப்பட்ட அன்று நான் கூட இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை. எங்கேயும் நடக்கக்கூடியதுதான். டாக்டர் தலை நிமிராமல் கேட்டார்:

“என்ன கம்ப்ளைண்ட்?”

சித்தப்பா பதறிப்போய்ச் சொன்னார்: “கம்ப்ளைண்டெல்லாம் யாரு மேலயும் இல்லைங்க சார்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நர்ஸம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் கம்ப்ளைண்ட் என்றால் போலீஸ் ஸ்டேசனில் எழுதிக் கொடுப்பது. இருபது வருசத்துக்கு மேல் கல்குவாரியில் துளைபோட்ட மனுசன், யார்மேலும் தனக்குப் புகார் இல்லை என்று ஒரு டாக்டர் முன்னால் வாக்குமூலம் கொடுத்ததைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். அதற்கு முன் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம்.

2

மருத்துவக் கல்லூரிப் பாடப்புத்தகம் எதைத் திறந்தாலும் ஒவ்வொரு நோயின் கீழும் ‘சைன்ஸ் அண்ட் சிம்ப்டம்ஸ்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். நம்முடைய காதுக்கு முதல் சொல் ‘சயின்ஸ்’ என்றே விழும். அப்படி விழுவதில் ஒரு உண்மையும் உண்டு. மாணவர்களுக்குச் சொல்லித்தருகிற விளக்கம் எளிமையானது: நோயாளி சொல்வது சிம்ப்டம், மருத்துவர் தானே பார்த்து, தொட்டு, தட்டி, கேட்டு அறிவது சைன். நெஞ்சு அடைக்குது என்பது முன்னது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கிற கரகரப்பு பின்னது. முன்னது ‘அகவயமானது’, பின்னது ‘புறவயமானது’. ஒன்று சொல், இன்னொன்று சான்று.

இந்தப் பிரிவினை ஆதியிலிருந்தே இப்படி இருந்ததல்ல. சிம்ப்டம் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘வந்து விழுவது, நேர்வது’ என்று பொருள். அதில் சொல்பவன் இல்லை, நேர்வது மட்டும்தான் இருந்தது. குறி என்பதற்கான கிரேக்கச் சொல்லான செமியோனிலிருந்துதான் ‘செமியாலஜி’ வந்தது. குறியியல் என்று நாம் சசூர், ரோலன் பார்த் பெயர்களோடு சேர்த்துப் படித்த சொல் அவர்களுக்கு முன்பே மருத்துவர்களிடம் புழங்கியது. பார்த் இதுபற்றித் தனியாக ஒரு கட்டுரையே (1972) எழுதியிருக்கிறார். ஃபூக்கோ 1963இல் வெளியிட்ட மருத்துவமனையின் பிறப்பு பற்றிய நூலில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் நடந்த மாற்றத்தைப் பேசுகிறார். உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டுக்கொண்டிருந்த மருத்துவம், உனக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தொடங்கியது என்பது அவர் வாதத்தின் சாரம். முதல் கேள்விக்குக் கதைதான் பதில். இரண்டாவதற்கு விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

1816இல் பாரிஸின் நெக்கர் ஆஸ்பத்திரியில் லேனெக் ஒரு காகிதத்தைச் சுருட்டி இளம் பெண் ஒருத்தியின் மார்பில் வைத்துக் கேட்டார். காதை நேரடியாக வைப்பதற்குக் கூச்சம். ஸ்டெதாஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. 1868இல் வுண்டர்லிஷ் உடல்சூட்டைத் தெர்மாமீட்டரில் அளந்து எழுதிய நூல் வந்தது. 1895இல் எக்ஸ்ரே. ஒவ்வொரு கருவி வரும்போதும் ‘கண்டது’ பெருத்தது, ‘சொன்னது’ சிறுத்தது. கருவிகள் பொய் என்று நான் சொல்லவரவில்லை. இரட்டைச் சொல்லின் நடுவில் இருக்கிற ‘அண்ட்’ சமமான இரண்டைச் சேர்க்கிற ‘உம்’மாக இல்லாமல் போனது இப்படித்தான் என்று மட்டும் சொல்கிறேன்.

3

இந்த இரட்டைச் சொல் தமிழுக்கு வந்தபோது என்ன ஆனது?

நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களிலும் சுகாதாரத் துறைச் சுவரொட்டிகளிலும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்தான்: ‘அறிகுறிகள்’. ‘டெங்குவின் அறிகுறிகள்’, ‘காசநோயின் அறிகுறிகள்’. அறிகுறி என்றால் அறிவதற்கான குறி. அறிபவர் யார்? மருத்துவர். ஆக, நோயாளி சொன்னதும் மருத்துவர் கண்டதும் ஒன்றாகி, அந்த ஒன்றும் மருத்துவர் பக்கமே போய்விட்டது. ஆங்கிலம் ஏற்றத்தாழ்வோடாவது இரண்டு நாற்காலி போட்டது. தமிழில் ஒன்றுதான். வேறு சிலர் சிம்ப்டத்துக்கு ‘உணர்குறி’ என்று எழுதுகிறார்கள். பரவாயில்லை என்றுதான் எனக்கும் பட்டது. யோசித்தால் அதிலும் ஒரு சிக்கல் தெரிகிறது. உணர்வது உள்ளுக்குள் நடப்பது, சொல்வதோ இன்னொருவர் முன்னால் நடப்பது. ‘உணர்குறி’யில் வாய் இல்லை.

‘குறி’ என்ற சொல்லுக்கே எங்கள் பக்கத்தில் இன்னொரு வாழ்க்கை உண்டு. கோடாங்கியிடம் குறி கேட்கப் போகிறவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வந்த காரணத்தையே அவர் சொல்லிவிடவேண்டும், அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். நாடி பிடித்தவுடன் நோயாளி பேசாமலே எல்லாம் சொல்லிவிடும் வைத்தியரைப் பற்றியும் இதே பெருமையோடுதான் பேசுவார்கள். ஒன்றும் கேட்காமல் ஐந்து டெஸ்ட் எழுதித் தருகிறவரையும் ‘பெரிய டாக்டர்’ என்கிறோம். குறிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது மட்டுமில்லை.

சித்த மருத்துவ நூல்கள் ‘குறிகுணம்’ என்று ஒரு சொல்லைப் புழங்குகின்றன. நோய் வருவதற்கு முன் தெரிவது ‘முற்குறி’. எண்வகைத் தேர்வு என்று நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகியவற்றைச் சொல்வார்கள். இதில் ‘மொழி’ இருக்கிறதே என்று மகிழ்ந்துவிட முடியாது. அங்கே மொழி என்பது குரல் உரத்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்பது. என்ன சொன்னான் என்பதல்ல, எப்படி ஒலித்தான் என்பது. சொன்னதுக்கு அங்கே வேறு இடம் இருக்கிறது. அதன் பெயர் ‘வினாதல்’. நோயாளியிடம் கேட்பது, அவரால் பேச முடியாவிட்டால் உடன் வந்தவரிடம் கேட்பது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது வைத்தியம் நான்கு பேருடையது என்கிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர். வரிசையில் நோயுற்றவர்தான் முதலில் வருகிறார்.

மேலை மருத்துவத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822-1884) யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860களிலிருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’, ‘வைத்தியாகரம்’ என்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். மதம் பரப்ப வந்தவர், சந்தேகமில்லை. இருந்தாலும் நோயாளி பேசும் மொழியில்தான் மருத்துவனும் படிக்கவேண்டும் என்று அவருக்குப் பட்டது. தமிழ்நாட்டு எம்.பி.பி.எஸ். வகுப்பறை அந்த வழியில் வரவில்லை. மாணவர் ஆங்கிலத்தில் நோயைப் படிக்கிறார், தமிழில் நோயாளியைக் கேட்கிறார், மறுபடி ஆங்கிலத்தில் எழுதுகிறார். தினமும் நூறு தடவை மொழிபெயர்ப்பு நடக்கிறது, மொழிபெயர்ப்பாளர் என்ற பெயர் மட்டும் யாருக்கும் இல்லை.

4

எங்கள் ஊரில் ஒருவர் தன் உடம்பைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? ‘மேலுக்கு முடியல.’ ‘என்ன பண்ணுது?’ ‘ஒரு மாதிரியா வருது.’ இங்கே நோயாளி எழுவாய் இல்லை. ‘எனக்கு வலிக்குது’ என்பதில் வலி எனக்கு வருகிறது, நான் அதைப் பெறுகிறவன். ஆங்கிலத்தில் வலியை ‘வைத்திருக்கிறார்கள்’. தமிழில் வலி நம்மை ஏதோ பண்ணுகிறது. அந்தப் பண்ணுதலுக்கு எத்தனை வினை! குத்துது, குடையுது, கவ்வுது, பிசையுது, இழுக்குது, அறுக்குது, உளையுது, கரிக்குது, தெறிக்குது. அதோடு இரட்டைக்கிளவிகள் வேறு: சுருக்சுருக்குன்னு, விண்ணுவிண்ணுன்னு, மதமதன்னு, திகுதிகுன்னு, கிறுகிறுன்னு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வலியை அளக்க ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார். நோயாளிகள் பேசிய 78 சொற்கள் 20 தொகுதிகளாக அதில் இருக்கின்றன. எந்தச் சொல்லை ஒருவர் தேர்கிறார் என்பது எந்த வகை வலி என்பதற்குத் துப்பு தரும் என்பது அதன் அடிப்படை. நரம்பு வலிக்காரர் எரியுது, மதமதங்குது என்பார். மூட்டு வலிக்காரர் உளையுது என்பார். விஞ்ஞானம் மதிக்கவேண்டிய துல்லியம் இது. ஓ.பி. சீட்டில் இது எல்லாமே ‘பெயின்’ என்ற ஒரே சொல்லாகிவிடுகிறது.

‘உள்காய்ச்ச’ என்று ஒன்று சொல்வார்கள். உடம்பு முறிச்சுப்போட்ட மாதிரி இருக்கும், கண்ணு எரியும், வாய் கசக்கும். தெர்மாமீட்டரில் ஒன்றும் காட்டாது. ‘அப்படி ஒரு காய்ச்சலே கிடையாது’ என்று டாக்டர் சொல்வார். அவர் சொல்வது சரி, அளவிடும்படியான சூடு இல்லை. சொல்கிறவர் சொல்வதும் சரி. குறி இல்லாத நோவுக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. சொன்னதும் கண்டதும் முரண்படும் இடத்துக்கென்றே ஒரு சொல்லை உண்டாக்கி வைத்திருக்கிற மொழியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

இனி மஞ்சப்பைக்கு வருகிறேன். கம்ப்ளைண்ட் சிரிப்பு அடங்கிய பிறகு சித்தப்பா சொன்னார்: “ஒரு வருசமா இருமல் சார். எளைப்பு வேற.” டாக்டர் கேட்டார்: “எவ்வளவு எளைச்சிருக்கீங்க?” சித்தப்பா சொன்னார்: “ரொம்ப சார்.” சீட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது: ஒரு வருடமாக இருமல், எடை குறைவு.

எளைப்பு என்றால் எங்கள் ஊரில் மூச்சு வாங்குவது. வரப்பு ஏறினால் எளைக்கும். கிழவருக்கு எளைப்பு என்றால் இழுப்பு, மூச்சுத் திணறல். உடம்பு மெலிவதற்கும் அதே வேரிலிருந்துதான் சொல் வருகிறது. ‘புள்ள எளைச்சுட்டான்.’ சித்தப்பா மூச்சைச் சொன்னார். டாக்டர் எடையைக் கேட்டார். இவர் ரொம்ப என்று பதில் சொன்னதும் அவருடைய மூச்சைப் பற்றித்தான். மேசைக்குப் பக்கத்திலேயே எடைமெஷின் இருந்தது, அதில் ஏறச் சொல்லவில்லை. கண்டறிந்திருக்கவேண்டிய குறி சொன்னதாக எழுதப்பட்டது, சொன்னது எழுதப்படவே இல்லை. இருவருமே தமிழர்கள், தமிழில்தான் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்றேன், எனக்கும் உறைக்கவில்லை. சீட்டைப் பல வருசம் கழித்து வாசித்தபோதுதான் தெரிந்தது.

நீண்ட நாள் இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் புள்ளிகள். மூன்றும் சேர்ந்தால் டி.பி. என்று நினைப்பது தப்பில்லை. சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தும் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ‘மாத்திரைய விடாம சாப்பிட்டு வேலைக்குப் போங்க’ என்றார்கள். போனார்.

5

ஓ.பி. சீட்டுக்கும் கேஸ் ஷீட்டுக்கும் ஒரு இலக்கணம் இருக்கிறது. நோயாளி எப்போதும் ‘கம்ப்ளெய்ன்’ செய்கிறார். தனக்கு ஒன்று இல்லை என்றால் ‘டினை’ செய்கிறார். அதாவது மறுக்கிறார். குடிப்பழக்கம் இல்லை என்று சொன்னால் குடிப்பதை மறுக்கிறார் என்று பதிவாகும். மருத்துவருக்கு உரிய வினை ‘ஃபவுண்ட்’, கண்டறிந்தார். புகார், மறுப்பு, கண்டுபிடிப்பு: இது போலீஸ் ஸ்டேசன் மொழிக்கு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். சித்தப்பா பதறியதில் தப்பே இல்லை.

டாக்டர்களைத் திட்டுவது எளிது. வாசலில் இருநூறு பேர் நிற்கும்போது வினாதல் எங்கே நடக்கும்? அமெரிக்காவிலேயே 1984இல் பெக்மன், ஃப்ராங்கல் என்ற இருவர் மருத்துவர் அறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து பார்த்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டார். 67 நாடுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த கட்டுரையின்படி, நோயாளிக்குக் கிடைக்கும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 விநாடி. நேரம் என்பது அரசு ஒதுக்கும் பணம். ‘நோயாளியைக் கேளுங்கள்’ என்று நற்குண போதனை செய்வதில் பயனில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டும், நாற்காலி வேண்டும், மறைப்பு வேண்டும்.

மறைப்பு என்றதும் பெண்கள் நினைவுக்கு வரவேண்டும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங்கும் அபய் பங்கும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் லான்செட் இதழில் எழுதினார்கள். தொந்தரவு இருப்பதாகச் சொன்ன பெண்கள் 55 சதம். பரிசோதனையில் ஏதேனும் மகளிர் நோய் இருந்தவர்கள் 92 சதம். அதற்குமுன் அத்தகைய பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 8 சதம். 55க்கும் 92க்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு என்ன பெயர் வைப்பது? ‘அறிகுறியற்ற நோய்’ என்று மருத்துவம் பெயர் வைக்கும். வாய் மூடியிருந்தது என்றும் வைக்கலாம், ‘பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்’ என்று நம்பவைக்கப்பட்டது என்றும் வைக்கலாம்.

தமிழ்நாட்டில் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இளம் மணமான பெண்கள் 451 பேரிடம் 1996-97இல் நடத்திய ஆய்வு (2005இல் வெளிவந்தது) தலைகீழாக இருக்கிறது. தொந்தரவு சொன்னவர்கள் 53 சதம், ஆய்வகத்தில் தொற்று உறுதியானவர்கள் 38 சதம். சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. பக்கத்தில் பெண் மருத்துவர் இல்லை, மறைவிடம் இல்லை, தூரம், செலவு, இது சகஜம்தானே என்ற எண்ணம் ஆகியவைதான் காரணங்கள். ஒரு இடத்தில் குறி அதிகம், சொல் குறைவு. இன்னொரு இடத்தில் சொல் அதிகம், குறி குறைவு. இரண்டு இடத்திலும் கேட்கப்படாமல் போனவள் ஒருத்திதான்.

குறி காண்பதற்குத் தொடவேண்டும். லேனெக்கின் காகிதக் குழல் கூச்சத்தின் தூரத்தைக் கடப்பதற்கு வந்தது. நம் ஊரில் தூரத்துக்கு வேறு காரணமும் உண்டு, அதன் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. தொடாமல் மருந்து எழுதப்பட்ட உடம்புகளின் கதையைச் சேரிகளில் கேட்டுப்பாருங்கள். யாருடைய உடம்பில் ‘சைன்’ தேடப்படுகிறது, யாருடைய உடம்பில் தேடப்படுவதே இல்லை என்பது அறிவியல் கேள்வி மட்டும் அல்ல.

6

இந்த இடத்தில் நண்பர்களோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. நவீன மருத்துவம் ஒரு அதிகாரச் சொல்லாடல், ஆகவே அதன் குறிகளை நிராகரிப்போம், நோயாளியின் சொல்லே உண்மை என்று தலைகீழாக்கிவிடுவது நம் வட்டாரத்தில் சுலபமாக நடக்கும் காரியம். நானும் ஒரு காலத்தில் அப்படி முழங்கியிருக்கிறேன். 2019-21இல் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? கிருமி உறுதியான நோயாளிகளில் 42.6 சதம் பேர் மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால் தப்பிப்போயிருப்பார்கள். இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. சொல் இல்லாத இடத்தில் குறிதான் அவர்களைக் கண்டுபிடித்தது. அதே கணக்கெடுப்பில் தொந்தரவு இருந்தவர்களில் ஏறத்தாழ 64 சதம் பேர் எங்கும் போய்க் காட்டவில்லை என்பதும் இருக்கிறது. சித்தப்பாவுக்கும் எக்ஸ்ரே விரோதி இல்லை. புள்ளிகள் உண்மையாகவே இருந்தன, வாசிப்பு அவசரமாக முடிந்துவிட்டது. குறி என்பது தானாகப் பேசுவதில்லை. நாம் இலக்கியத்தில் பத்திபத்தியாக எழுதிய விசயம்தான் இது. ஒரு குறிப்பான், அது இருக்கும் சூழலிலிருந்துதான் பொருள் பெறுகிறது. சூழலைச் சொல்ல வேண்டியவர் நோயாளி. அதனால்தான் சொன்னதும் கண்டதும் ஒன்றையொன்று கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஒன்று மற்றதை விழுங்கக்கூடாது.

7

1700இல் இத்தாலியின் மோடெனாவில் ரமாஸினி என்ற மருத்துவர் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஹிப்போகிரட்டஸ் காலத்திலிருந்து நோயாளியிடம் கேட்கப்பட்டுவந்த கேள்விகளோடு அவர் ஒரு கேள்வியைச் சேர்த்தார்: நீ என்ன வேலை செய்கிறாய்? கல்தச்சர்களுக்கு அந்த நூலில் தனி அத்தியாயமே இருக்கிறது. 1930இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜோகன்னஸ்பர்க்கில் சிலிகோசிஸ் நோய்க்கென்றே மாநாடு கூட்டியது, தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் செத்துக்கொண்டிருந்த ஊர் அது.

கிரானைட்டில் கால் பங்குக்கு மேல் குவார்ட்ஸ் இருப்பது சாதாரணம். தண்ணீர் ஊற்றாமல் ஜாக்ஹாமரில் துளை போடும்போது எழும் தூளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். பத்து, இருபது வருசம் கழித்து மூச்சு வாங்கும். எக்ஸ்ரேயில் மேல்பகுதியில் சின்னச் சின்ன உருண்டைப் புள்ளிகள் தெரியும். டி.பி.யும் அந்த மேல்பகுதியைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். சிலிகோசிஸ் உள்ளவருக்கு டி.பி. வரும் வாய்ப்பும் பலமடங்கு அதிகம். இரண்டையும் பிரிப்பதற்கு உதவக்கூடிய முக்கியமான துப்பு குறியும் இல்லை, வலியும் இல்லை. ‘என்ன வேலை பாத்தீங்க?’ என்ற கேள்விக்கான பதில். சைன்ஸ் அண்ட் சிம்ப்டம்ஸ் என்ற இரட்டைக்கு வெளியே நிற்கிறது அந்தப் பதில். உடம்பில் என்ன தெரிகிறது, உடம்புக்கு என்ன பண்ணுகிறது என்று இரண்டையும் கேட்டுவிட்டால் முடிந்தது என்று அந்த இரட்டைச் சொல் நம்மை நம்பவைக்கிறது. உடம்பை யார் என்ன பண்ணினார்கள் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

மேலூர் வட்டாரக் குவாரிகள் 2012இல் மூடப்பட்டன. அன்றைய மாவட்ட ஆட்சியர் சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிடப்பட்டிருந்தது. அது கல்லின் கணக்கு. வேலை போன சித்தப்பா ஒரு ஜல்லி கிரஷருக்குப் போனார். குவாரியைவிட அங்கே தூள் அதிகம். தூள்தான் உங்களைக் கொல்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவருக்கு இருந்தது டி.பி. என்றுதானே சீட்டு சொன்னது? 2014இல் மறுபடி அதே மாத்திரை.

2016இல் மதுரையில் ஒரு டாக்டரம்மா, வயசில் சின்னவர், முதல்முறையாகக் கேட்டார். “பெரியவரே, என்ன வேலை பாத்தீங்க?” சித்தப்பா சொல்லத் தொடங்கினார். நெசமாவே யாரோ கேட்கிறார்கள் என்பதே அவருக்கு நம்பிக்கையில்லை, பாதியில் நிறுத்தி நிறுத்தி அந்தம்மா முகத்தைப் பார்த்தார். “சொல்லுங்கய்யா” என்றார் அவர். பத்து நிமிசம் ஆகியிருக்கும். ஆறாவது சீட்டில் கல்குவாரி வேலை, இருபது வருடத்துக்கு மேல் என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி போட்டு ‘சிலிகோசிஸ்’ என்று இருக்கிறது.

அந்தச் சொல்லின் விலையைத் தோழர்கள் அறிவார்கள். டி.பி. என்றால் அது உன் தலைவிதி, உன் வறுமை, உன் பீடி. சிலிகோசிஸ் என்றால் அது முதலாளியின் கடன். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் அறிவிக்கப்படவேண்டிய நோயாக இருந்தது. ராஜஸ்தான் அரசு 2019இல் கொண்டுவந்த கொள்கையில் நோய் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள், தொழிலாளர்கள் பல வருசம் போராடிப் பெற்றது அது. சித்தப்பாவின் கேள்விக்குறி நிமிரவே இல்லை. வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். மஸ்டர் ரோல் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, வாரக்கூலியைக் கையில் கொடுத்துப் பழக்கம். வேலை பார்த்தேன் என்று அவர் சொல்வது வெறும் சிம்ப்டம். காகிதம் இருந்தால்தான் அது சைன். மருத்துவமனையில் பார்த்த அதே ஏற்றத்தாழ்வு தாலுகா ஆபீஸிலும் உட்கார்ந்திருந்தது.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பார்கள். வாய் இருந்தது, கேட்கிற காது இல்லை. அது மட்டும்தானா? ‘கம்ப்ளைண்டெல்லாம் யாரு மேலயும் இல்லைங்க சார்’ என்று அவர் சொன்னாரே, அதுதான் அந்த ஏழு வருசத்தில் அவர் சொன்ன மிக முக்கியமான வாக்கியம் என்று இன்று எனக்குப் படுகிறது. அவருக்கு யார்மேலோ கம்ப்ளைண்ட் இருந்திருக்கவேண்டும். அவருடைய நுரையீரலிலேயே அது எழுதப்பட்டிருந்தது. அதை அவருக்குச் சொல்லவேண்டியவர்கள் சங்கத்தில் இருந்த நாம், எழுதிக்கொண்டிருந்த நாம். அவர் கூடவே நின்ற நான். டாக்டர் அவரிடம் கேட்கத் தவறியதை நானும் கேட்டதில்லை. இருபது வருசம் ஒரே வீட்டில் அவர் துணியில் வெள்ளைத் தூளைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான்.

சிம்ப்டத்துக்குப் புதுச் சொல் செய்வது என் வேலை இல்லை. எங்கள் ஊர்ச் சொல்லே போதும்: சொன்னது, கண்டது. சீட்டில் இரண்டுக்கும் தனித்தனியாக இடம் இருக்கட்டும், சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே, தமிழிலேயே எழுதட்டும். ‘எளைப்பு’ என்று எழுதியிருந்தால் அடுத்த டாக்டராவது, என்ன எளைப்பு என்று கேட்டிருப்பார். மூன்றாவதாக ஒரு வரி வேண்டும்: என்ன வேலை, யாரிடம், எத்தனை வருசம். சங்கங்களும் ஆஸ்பத்திரியில் உடன் நிற்கும் தோழர்களும் இந்த மூன்றாவது வரியைக் கேட்டு எழுதவைத்தால், அந்தச் சீட்டு சட்டத்தின் முன்னால் ஒரு காகிதம் ஆகும். மஸ்டர் ரோல் இல்லாதவனுக்கு ஓ.பி. சீட்டே மஸ்டர் ரோல்.

ஏழாவது சீட்டு 2018இல் எழுதப்பட்டது. அதில் நோயாளி சொன்னது என்ன என்ற இடம் காலியாக இருக்கிறது. அன்றைக்கு அவரால் பேச முடியவில்லை. உடன் வந்தவரிடம் கேட்டிருக்கலாம். நான்தான் உடன் வந்தவன்.